மாந்தோப்புக்கு மட்டும் கொரோனா நிவாரணம் ஏன் வரல?

தம்பி கேட்டது சுருக்கமா இதுதான். ஊத்துக்கோட்டை பக்கம் அப்பா பேர்ல 4 ஏக்கர் மாந்தோப்பு, 2020ல குத்தகை எடுத்தவர் அட்வான்ஸ் மட்டும் கொடுத்துட்டு பாதியில கைய விரிச்சிட்டாரு, மீதி காசு வரவே இல்ல, காயும் மரத்தடியிலயே போச்சு. அந்த வருஷம் கவர்மெண்ட்கிட்டேர்ந்து வந்தது ஒரு 2000 ரூபா. அமெரிக்காவுல இருக்குற மச்சான், அங்க பழத்தோட்டக்காரங்களுக்கெல்லாம் கொரோனா நஷ்டத்துக்குன்னு நேரா அக்கவுண்ட்லயே டாலர் போட்டாங்கன்னு சொல்றாரு. நமக்கு ஏன் அப்படி வரல, இப்பவாவது கேட்டா கிடைக்குமா?

நான் பேங்க்ல விவசாயக் கடன் டெஸ்க்ல 20 வருஷத்துக்கு மேல இருந்தவன், கடைசியா வேலை பாத்தது திருவள்ளூர் மாவட்டத்துல ஒரு கிராமத்துக் கிளை, கொரோனா நேரத்துல அங்கதான் இருந்தேன், இப்ப ரிட்டயர் ஆகி வில்லிவாக்கத்துல இருக்கேன். உங்க அப்பா மாதிரி தோப்புக்காரங்க எத்தனையோ பேர் இதே கேள்விய என் டேபிளுக்கு முன்னாடி நின்னு கேட்டிருக்காங்க, அப்ப நின்னு நிதானமா பதில் சொல்ல நேரம் இல்ல, அதனால இப்ப கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல கடைசிக் கேள்விக்கு பதில். 2020 நஷ்டத்துக்கு இப்ப போய் கேக்குறதுக்கு ஒரு திட்டமும் கிடையாது. யாராவது 5000 கொடு, பழைய கொரோனா நிவாரணம் வாங்கித் தரேன்னு வந்தா காசு கொடுத்துடாதீங்க.

இப்ப அந்த 2000. அதை நிறைய பேர் கொரோனா நிவாரணம்னே நெனச்சுட்டு இருக்காங்க. 2020 மார்ச் 26ம் தேதி நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் 1.7 லட்சம் கோடி பேக்கேஜ் அறிவிச்சப்ப, 8.7 கோடி விவசாயிகளுக்கு ஏப்ரல் முதல் வாரத்துல 2000 ரூபா போடுறோம்னு சொன்னாங்க. ஆனா அது புதுப் பணம் இல்ல தம்பி, பி.எம்.கிசான்னு 2019 பிப்ரவரில ஆரம்பிச்ச திட்டத்துல வருஷத்துக்கு 6000 ரூபா மூணு தவணையா வருதுல்ல, அதுல 2020-21க்கு வரவேண்டிய முதல் தவணைய முன்கூட்டியே போட்டாங்க, அவ்ளோதான். கொரோனா வராம இருந்திருந்தாலும் அந்த 2000 வந்திருக்கும். ஊரடங்குல கையில காசே இல்லாத வீட்டுக்கு ஒரு வாரம் முன்னாடி வந்தாலும் பெரிய உதவிதான், அதை நான் குறைச்சு சொல்ல மாட்டேன், ஆனா உங்க தோப்புல போன காய்க்கும் அந்தக் காசுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மாந்தோப்பு வச்சிருந்தாலும் சும்மா தரிசா போட்டிருந்தாலும் அதே 2000தான்.

அந்த ஏப்ரல்ல நடந்த ஒண்ணு சொல்றேன். ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும், மூணு கிலோமீட்டர் நடந்தே வந்தாங்க, பஸ் கிடையாது. போன்ல மெசேஜ் வந்திருக்கு, பாஸ்புக்ல எண்ட்ரி போட்டா பேலன்ஸ் 114 ரூபாதான் காட்டுது. என்னன்னு பாத்தா பழைய நகைக்கடன் ஒண்ணு பாக்கி இருந்துச்சு, 2000 உள்ள வந்த அன்னிக்கே சிஸ்டம் அதைத் தானா எடுத்து கடன்ல வரவு வச்சிடுச்சு. பாஸ்புக்ல ரெண்டு வரி, ஒண்ணு வரவு, அடுத்தது பற்று, ரெண்டும் ஒரே தேதி. அந்தம்மா அதை விரலால தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு ஒரு வார்த்தை பேசாம நின்னாங்க. மேனேஜர்கிட்ட சொல்லி அன்னிக்கு சாயங்காலமே அந்த எண்ட்ரிய ரிவர்ஸ் பண்ணோம். அதுக்கப்புறம் அந்த வாரம் முழுக்க நானே லிஸ்ட் எடுத்து எடுத்துப் பாத்தேன், இன்னும் 30க்கு மேல அதே மாதிரி இருந்துச்சு. வந்து கேக்காதவங்களுக்கு யாரு சொல்லுவா?

சரி, அமெரிக்காவுல என்ன பண்ணாங்கன்னு பாப்போம், ஏன்னா மச்சான் சொல்றது உண்மைதான். அங்க விவசாயத்துறை கொரோனா வைரஸ் ஃபுட் அசிஸ்டன்ஸ் புரோகிராம்னு ஒண்ணு 2020 ஏப்ரல் 17ம் தேதி அறிவிச்சாங்க, மொத்தம் 19 பில்லியன் டாலர், அதுல 16 பில்லியன் நேரா விவசாயிகளுக்கு, 3 பில்லியனுக்கு பழம், காய், பால், கறி எல்லாம் கவர்மெண்டே வாங்கி பெட்டி கட்டி கஷ்டப்படுற குடும்பங்களுக்குக் கொடுக்குறது. மே 26லேர்ந்து அப்ளிகேஷன் வாங்க ஆரம்பிச்சாங்க. முதல் சுத்துல பழம் காய்க்கு எப்படி கணக்கு போட்டாங்கன்னா, ஜனவரி 15லேர்ந்து ஏப்ரல் 15க்குள்ள வித்தது எவ்ளோ, அனுப்பி வச்சு வழியில கெட்டுப்போய் காசு வராதது எவ்ளோ, பறிக்காமயே விட்டது இல்ல பறிச்சும் அனுப்ப முடியாம போனது எவ்ளோன்னு மூணு கணக்கு. பறிக்காம மரத்துலயே விட்டதுக்கும் ஒரு கணக்கு இருந்துச்சு பாருங்க, அதைத்தான் நீங்க கவனிக்கணும், உங்க தோப்புல நடந்தது அதுதானே.

ரெண்டாவது சுத்து செப்டம்பர் 21லேர்ந்து டிசம்பர் 11 வரைக்கும், அதுக்கு இன்னும் 14 பில்லியன் வரைக்கும் ஒதுக்குனாங்க. இதுல பழத்தோட்டத்துக்கு கணக்கு ரொம்ப எளிசு. 2019ல எவ்ளோ வித்தீங்களோ அதுல ஒரு சதவீதம். முதல் 49,999 டாலர் வரைக்கும் 10.6 சதவீதம், அதுக்கு மேல 99,999 வரைக்கும் 9.9, அப்புறம் 9.7, 9, 8.8ன்னு இறங்கும். உதாரணத்துக்கு ஒரு தோட்டக்காரர் 2019ல 80,000 டாலருக்கு பழம் வித்திருந்தா, முதல் 50 ஆயிரத்துக்கு சுமார் 5300, மீதி 30 ஆயிரத்துக்கு சுமார் 2970, ஆக மொத்தம் 8270 டாலர் பக்கம் வரும். ஒருத்தருக்கு உச்சவரம்பு ரெண்டரை லட்சம் டாலர். நிறைய வித்தவங்களுக்குத்தான் நிறைய வரும், அந்தத் திட்டத்துல எனக்குப் பிடிக்காதது அது. ஆனா விவசாயி வித்த கணக்க அவரே எழுதிக் கையெழுத்து போட்டுக் கொடுத்தா போதும், அப்புறம் செக் பண்ண வந்தா பில்ல காட்டணும்.

இங்கதான் நமக்கும் அவங்களுக்கும் உள்ள வித்தியாசம். அங்க காசு கொடுத்தது விற்பனைய அடிப்படையா வச்சு. இங்க கொடுத்தது பட்டாவையும் கடனையும் அடிப்படையா வச்சு. உங்க தோப்பு எவ்ளோ காய்ச்சுது, எவ்ளோ போச்சுன்னு கவர்மெண்டோட எந்த ரெஜிஸ்டர்லயும் கிடையாது, அதனால அந்த நஷ்டம் கவர்மெண்ட் கண்ணுக்குத் தெரியவே இல்ல.

இயற்கைப் பேரிடர் நிதின்னு ஒண்ணு இருக்கே, புயல் வந்தா மரப்பயிருக்கு காசு கொடுக்குறாங்களேன்னு கேப்பீங்க. கொடுக்குறாங்க, 2020ல இருந்த விதிப்படி 33 சதவீதத்துக்கு மேல சேதம் ஆனா பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபா, ரெண்டு ஹெக்டேர் வரைக்கும். கொரோனாவையும் 2020 மார்ச் 14ம் தேதி பேரிடர்னு மத்திய அரசு அறிவிச்சாங்கதான், ஆனா அந்த உத்தரவுல செலவு பண்ண அனுமதிச்சது முகாம், சாப்பாடு, டெஸ்ட், மருத்துவ உபகரணம் மாதிரி விஷயத்துக்கு. பயிர் நஷ்டம் அதுல இல்ல. புயல்ல மரத்துலேர்ந்து விழுந்த காய்க்கு காசு உண்டு, வாங்க ஆள் இல்லாம மரத்துலேர்ந்து விழுந்த காய்க்கு இல்ல. பயிர் இன்சூரன்ஸும் அப்படித்தான், விளைச்சல் குறைஞ்சா தரும், விளைஞ்சத விக்க முடியலன்னா தராது.

இதுக்குன்னே இருக்குற ஒரே திட்டம் மார்க்கெட் இன்டர்வென்ஷன் ஸ்கீம். ஆதரவு விலை இல்லாத பழம் காய் எல்லாம் விலை விழுந்தா கவர்மெண்டே ஒரு விலை வச்சு வாங்கிக்கிறது, நஷ்டத்த மத்திய அரசும் மாநில அரசும் பாதிப்பாதி ஏத்துக்கணும். ஆனா இது தானா வராது, மாநிலம் கேட்டு எழுதணும், தன் பங்கையும் போடணும். அப்புறம் ஆபரேஷன் கிரீன்ஸ்ங்கற மத்திய அரசுத் திட்டத்துல 2020 ஜூன் மாசம் குறிப்பிட்ட சில பழம் காய்க்கு லாரி வாடகைல பாதி மானியம்னு சொன்னாங்க, அது உபரியா விளையுற மாவட்டத்துலேர்ந்து தூரத்து மார்க்கெட்டுக்கு ஏத்துறவங்களுக்கு, ஊத்துக்கோட்டைலேர்ந்து மெட்ராஸுக்கு ஏத்துற நமக்கு அதுல ஒண்ணும் இல்ல. மே மாசம் அறிவிச்ச ஒரு லட்சம் கோடி வேளாண் கட்டமைப்பு நிதி முழுக்கக் கடன், குடோன், கோல்ட் ஸ்டோரேஜ் கட்டுறதுக்கு.

நம்ம ஊர்ல என்ன நடந்துச்சுன்னும் நெனச்சுப் பாருங்க. ஏப்ரல் 26லேர்ந்து நாலு நாள் முழு ஊரடங்குன்னு சொன்னதும் முந்தின நாள் கோயம்பேட்டுல கூட்டம் எப்படி இருந்துச்சுன்னு எல்லாரும் டிவில பாத்தோம், அப்புறம் அங்கேர்ந்தே கொரோனா பரவி மே 5ம் தேதி மார்க்கெட்டையே மூடிட்டாங்க. காய்கறி திருமழிசைக்குப் போச்சு, பழமும் பூவும் மாதவரம் பஸ் ஸ்டாண்டுக்கு. கரெக்டா பங்கனபள்ளி இறங்குற நேரம். காய்கறி மொத்த மார்க்கெட்டே செப்டம்பர் 28லதான் திரும்ப கோயம்பேட்டுல திறந்தாங்க, பழத்துக்கு இன்னும் லேட்டு, அதுக்குள்ள மாம்பழ சீசனே முடிஞ்சு போச்சு.

எங்க மாமாவுக்கும் திருத்தணி பக்கம் தோப்பு இருக்கு, 3 ஏக்கர், பங்கனபள்ளியும் ருமானியும். அந்த மே மாசம் பாஸ் வாங்கிட்டு ஒரு நாள் போனேன். தோப்புக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடியே ரோட்டுலேர்ந்து அந்தப் புளிச்ச வாசனை. கீழ விழுந்த பழத்த மாடு கூட முகர்ந்து பாத்துட்டு போகுது, தின்னு சலிச்சிடுச்சு. மாமா ஒரு பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து கையில பத்து பதினஞ்சு துண்டுச் சீட்டு வச்சிருந்தாரு, முந்தின வருஷம் மண்டிலேர்ந்து வந்தது. கமிஷன் மண்டி சீட்டு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், பேர்ல வெறும் ‘மாமா தோப்பு’ மாதிரி ஒரு அடையாளம், எத்தனை பெட்டி, விலை, அதுலேர்ந்து லாரி வாடகை, இறக்கு கூலி, கமிஷன், கழிவுன்னு வரிசையா கழிச்சு கீழ ஒரு தொகை, அதைச் சுத்தி ஒரு வட்டம். தேதி பாதி சீட்டுல இல்ல. மாமா கேட்டாரு, "மாப்ள, இதை எங்கயாவது காட்டுனா ஏதாவது கிடைக்குமா?" கிடைக்காதுன்னு என் வாயால சொல்ல வேண்டியதா போச்சு. எனக்கு இன்னிக்கும் உறுத்துற விஷயம் அது, ஏன்னா அதே சீட்டு ஒழுங்கா தேதி, பேர், எடையோட இருந்து, அதைக் கேக்குற ஒரு திட்டமும் இருந்திருந்தா அவரு நஷ்டம் ஒரு நிமிஷத்துல கணக்கு போட்டிருக்கலாம்.

உங்க விஷயத்துல இன்னொரு சிக்கல் இருக்கு, குத்தகை. நம்ம பக்கம் பூ பிடிக்கும்போதே தோப்பைப் பேசி விட்டுடுவோம், அட்வான்ஸ் ஒரு பங்கு, காய் இறங்குறப்ப மீதி. அப்ப காய் யாரோடது? பேச்சுப்படி குத்தகைக்காரரோடது, மரமும் நிலமும் உங்க அப்பாவோடது. அவரு மருந்து அடிச்சாரு, காவலுக்கு ஆள் போட்டாரு, அவருக்கும் போச்சு. கைய விரிச்சாருன்னு கோவமா எழுதியிருக்கீங்க, நியாயம்தான், ஆனா அவரு கடன் வாங்கித்தான் அந்த அட்வான்ஸே கொடுத்திருப்பாருன்னு நான் நெனைக்கிறேன், எனக்குத் தெரிஞ்ச குத்தகைக்காரங்க பெரும்பாலும் வட்டிக்கு வாங்கினவங்கதான். அமெரிக்கத் திட்டத்துல இதுக்கு ஒரு தெளிவான பதில் இருந்துச்சு, நிலம் யாரோடதுங்கறது கேள்வியே இல்ல, விளைச்சலோட ரிஸ்க்ல யாருக்குப் பங்கு இருக்கோ, அந்த விளைச்சல் யாருக்குச் சேரணுமோ அவங்கதான் விவசாயி. குத்தகைக்கு எடுத்து விவசாயம் பண்றவரும் அவரு பேர்லயே அப்ளை பண்ணலாம். நம்ம பி.எம்.கிசான்ல நிலம் பேர்ல இருந்தாத்தான் உண்டு, அதுவும் 2019 பிப்ரவரி 1ம் தேதிக்கு முன்னாடியே இருந்திருக்கணும், வாரிசா வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு. உழுதவருக்கு அதுல இடமே கிடையாது. தமிழ்நாட்டுல குத்தகைதாரர் உரிமைய பதிவு பண்றதுக்குன்னு 1969லயே சட்டம் இருக்கு, ஆனா மாந்தோப்பு காய்க் குத்தகைய யாரும் அதுல கொண்டு போய் பதியறது இல்ல.

கடன் தள்ளுபடி பத்தி கேக்கலன்னாலும் சொல்றேன், ஏன்னா மாநில அரசு கொரோனாவையும் காரணமா சொல்லி விவசாயிக்குச் செஞ்ச பெரிய உதவின்னா அதுதான். 2021 பிப்ரவரி 5ம் தேதி அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி சட்டசபைல அறிவிச்சாரு, 16.43 லட்சம் விவசாயிகளோட கூட்டுறவு பயிர்க்கடன் 12,110 கோடி ரூபா தள்ளுபடி. கொரோனா, நிவர் புயல், புரெவி புயல், ஜனவரி மழை எல்லாத்தையும் காரணமா சொன்னாங்க. ஆனா கூட்டுறவு சங்கத்துல, 2021 ஜனவரி 31 அன்னிக்கு பாக்கி இருந்தவங்களுக்கு மட்டும். எங்க பேங்க் கிளைல கிசான் கிரெடிட் கார்டுல பயிர்க்கடன் வாங்கினவங்களுக்கு ஒரு பைசா கிடையாது. நகைய அடகு வச்சு, மாட்டை வித்து டிசம்பர்ல சங்கக் கடன கட்டி முடிச்சவருக்கும் கிடையாது. எங்களுக்கு இருந்ததெல்லாம் ரிசர்வ் பேங்க் கொடுத்த ஆறு மாச மோரட்டோரியம், அதாவது தவணைய தள்ளிக் கட்டலாம்ங்கற அவகாசம், மார்ச்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும், அதோட பயிர்க்கடன அந்த ஆகஸ்ட் 31 வரைக்கும் லேட்டா கட்டினாலும் 4 சதவீத வட்டியே இருக்கும்னு ஒரு சலுகை. இந்த ரெண்டாவது உருப்படியான விஷயம், எங்க கிளைல தெரிஞ்சவங்க வாங்கிக்கிட்டாங்க, தெரியாதவங்க பயந்து வெளிய வட்டிக்கு வாங்கி மே மாசமே கட்டிட்டாங்க.

பேப்பர் கேக்காம ஈஸியா கொடுக்கலாமேன்னு சிலர் சொல்லுவாங்க. அதுக்கு என்ன ஆச்சுன்னும் அதே வருஷம் பாத்தோம். பி.எம்.கிசான்ல ஆன்லைன்ல தானே பதிஞ்சுக்கலாம்னு வழி இருந்துச்சு, கொரோனா நேரத்துல நேர்ல போய் சரிபாக்குறதும் தளர்ந்து போச்சு, தமிழ்நாட்டுல கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர்னு பல மாவட்டத்துல நிலமே இல்லாதவங்க பேர்ல எல்லாம் ஏறிடுச்சு. தகுதி இல்லாதவங்க 5 லட்சத்துக்கும் மேல, தொகை 110 கோடி, ஆபீஸ் பாஸ்வேர்ட தப்பா பயன்படுத்திப் பதிஞ்சிருக்காங்கன்னு கண்டுபிடிச்சு சிபிசிஐடி வரைக்கும் போச்சு. அதுக்கப்புறம் சரிபாக்குறத இறுக்கினாங்க, அந்த இறுக்கத்துல மாட்டிக்கிட்டது உண்மையான விவசாயியும்தான். ஆதார்ல ஒரு எழுத்து, பட்டால ஒரு எழுத்துன்னு இருந்தாலே தவணை நின்னுடும்.

அதனால இப்ப நீங்க செய்ய வேண்டியது என்னன்னா, முதல்ல அப்பா பேர்ல இருக்குற பட்டாவ எடுத்துப் பாருங்க, தாத்தா பேரோட சேந்து கூட்டுப் பட்டாவா இருந்தா உட்பிரிவு பண்ணிடுங்க. அடுத்தது அடங்கல், அதாவது எந்த நிலத்துல என்ன பயிர்னு எழுதி வைக்கிற கிராமக் கணக்கு, இதை யாரும் பாக்குறதே இல்ல. விஏஓகிட்ட கேட்டு அந்த சர்வே நம்பருக்கு என்ன பயிர்னு எழுதியிருக்குன்னு பாருங்க, 30 வருஷத்து மாமரம் நிக்குற நிலத்துல தரிசுன்னு எழுதியிருந்தத நானே கடன் பேப்பர்ல பாத்திருக்கேன். தரிசுன்னு இருந்தா நாளைக்குப் புயல் வந்து மரமே சாஞ்சாலும் நிவாரண லிஸ்ட்ல உங்க பேரு வராது. தோட்டக்கலை உதவி இயக்குநர் ஆபீஸ்லயும் ஒரு தடவை போய் தோப்பைப் பதிஞ்சு வைங்க. விவசாயி அடையாள எண்ணுன்னு இப்ப கொடுக்குறாங்கல்ல, அதையும் வாங்கிடுங்க, பி.எம்.கிசான் கேஒய்சியும் ஆதார் இணைப்பும் சரியா இருக்கான்னு பாருங்க.

குத்தகைய இனிமே வாய்ப்பேச்சுல விடாதீங்க. முத்திரைப் பத்திரத்துல எழுதுங்க, எத்தனை மரம், மொத்தத் தொகை, அட்வான்ஸ், மீதி எப்போ, மார்க்கெட் மூடினாலோ புயல் அடிச்சாலோ நஷ்டத்த யாரு எவ்ளோ ஏத்துக்கறது, கவர்மெண்ட் நிவாரணம் வந்தா அது யாருக்கு. இந்தக் கடைசி வரி இல்லாம எழுதுனா பின்னாடி சண்டைதான். அட்வான்ஸ கையில வாங்காம அக்கவுண்ட்ல வாங்குங்க. நேரா மண்டிக்கு ஏத்துனா சீட்டுல தேதியும் அப்பாவோட முழுப் பேரும் எடையும் எழுதச் சொல்லிக் கேளுங்க, முதல் தடவை முனகுவாங்க, அப்புறம் எழுதிக் கொடுத்துடுவாங்க.

2020 குத்தகைக்காரர் விஷயத்துல, கையெழுத்துப் பேப்பர் எதுவும் இல்லாம இத்தனை வருஷம் கழிச்சு கோர்ட்டுக்குப் போறதுல அர்த்தம் இல்ல, பணம் கேக்குற வழக்குக்கு மூணு வருஷம்தான் கெடு, கொரோனாவுக்காக சுப்ரீம் கோர்ட் கொடுத்த விலக்க சேத்தாலும் தாண்டிடுச்சு. அவரு இன்னும் அந்தப் பக்கம்தான் தோப்பு எடுக்குறாருன்னா நேர்ல பேசிப் பாருங்க, வர்ற சீசன் தொகைல கொஞ்சம் சேத்துக் கொடுக்குறேன்னு ஒத்துக்கிட்டவங்க இருக்காங்க. பேசி முடிஞ்சதும் பத்திரத்துல எழுதும்போது பழைய பாக்கிய தனி வரியா போடுங்க, புதுத் தொகையோட கலந்துடாதீங்க. அடங்கல்ல என்ன எழுதியிருக்குன்னு பாத்துட்டு சொல்லுங்க தம்பி, தரிசுன்னு இருந்தா மனு எப்படி எழுதறதுன்னு நான் சொல்றேன்.